தாமிர முகமூடிக்கு நீச்சல் தெரியாது

எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த அக்கா யாரைப் பற்றிப் பேசினாலும் மரியாதையோடுதான் பேசுவாள். பால்காரர், அவளுடைய வங்கி மேலாளர், தெருவில் சீட்டி அடித்துக்கொண்டு போகிற பையன்கள், எல்லாருக்கும் ஒரே ‘ங்க’தான். அதில் அதிசயம் இல்லை, கோயமுத்தூரில் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறோம். ஆனால் அச்சடித்த காகிதத்தில் மட்டுமே இருந்த ஒரு ஆளுக்கும் அவள் அதே மரியாதை கொடுத்தாள். “அவரு அப்பிடிச் செய்யமாட்டாருங்க” என்று அவள் முதல்முறை சொன்னபோது, அவளுடைய பெரியம்மா மகன் யாரையோ சொல்கிறாள் என்று நினைத்துவிட்டேன். அவள் சொன்னது தாமிர முகமூடியை.

தாமிர முகமூடி ஒரு சித்திரக்கதை நாயகன். வேறு ஊரில் அச்சாகி மாதாமாதம் காந்திபுரம் பேருந்து நிலையத்துப் புத்தகக் கடைக்கு வரும். கணபதி பகுதியில் ஒரு பவுண்டரியில் வார்ப்பு அச்சு செய்யும் மோல்டராக இருந்த அப்பா, வேலை விட்டு வரும் வழியில் அங்கே போய் வாங்கி, டிபன் பாக்ஸ் பையில் மடங்காமல் வைத்து எடுத்து வருவார். அந்தப் புத்தகங்களில் எழுத்துக் கூட்டித்தான் நான் தமிழே படித்தேன். செம்பு முகமூடி போட்ட அந்த ஆள் இரும்புக் கம்பியை வளைப்பான், மதில் தாண்டுவான். பறக்கமாட்டான், சிரிக்கமாட்டான், விழுந்தவனை அடிக்கமாட்டான். அவனுடைய எதிரி டாக்டர் கந்தகன், ஊரையே புகையில் மூழ்கடிக்கப் பார்க்கிறவன். அம்மாவுக்கு இந்தப் பொம்மைக் கதைகள் மேல் எந்த மதிப்பும் கிடையாது. “அம்பது வயசு ஆம்பளைக்கு இதென்ன கண்றாவி” என்பாள். அதனால் அது எனக்கும் அப்பாவுக்கும் மட்டுமான உலகமாக இருந்தது.

பிறகு சர்க்கரை அப்பாவின் கண்ணில் இறங்கியது. முதலில் எழுத்து போயிற்று, பிறகு படம், பிறகு மனிதர்களின் முகம். வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். வெளியே வருவதே இல்லை. தடுமாறுவதை நாலு பேர் பார்ப்பார்கள் என்று கூச்சம். என் கல்லூரிப் பட்டமளிப்புக்குக்கூட வரவில்லை. சாயங்காலமானால் நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன வரைந்திருக்கிறது என்று சொல்லிச் சொல்லிப் படிப்பேன். வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் வருத்தப்பட்டார்கள். எனக்கும் வருத்தம்தான். ஆனால் அந்த வருத்தத்துக்கு அடியில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. அப்பாவின் சாயங்காலம் முழுக்க இப்போது என்னுடையது.

ஒரு மாதம் புத்தகம் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. “கம்பெனியே மூடிட்டாங்களாமா” என்றார் கடைக்காரர். கடைசி இதழ் மோசமான இடத்தில் நின்றிருந்தது. தாமிர முகமூடி ஓர் அணைக்கட்டின் விளிம்பில் நிற்கிறான். பின்னால் வெள்ளம், எதிரே துப்பாக்கியோடு கந்தகன், கீழே ‘தொடரும்’.

“அப்புறம் என்ன ஆயிருக்கும் அம்மணி?” என்று அப்பா தினமும் கேட்டார். வீட்டில் அம்மணி என்றால் அப்போது நான்தான். அந்தக் கேள்வி பொறுக்காமல் நானே எழுதத் தொடங்கினேன். என் கதையில் தாமிர முகமூடி வெள்ளத்தில் பாய்ந்தான், நீந்தினான், ஆற்றுக்கு அடியில் இருந்த ஒரு பளிங்கு நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தான். அங்கே ராஜகுமாரி ஒருத்தி முகமூடியைக் கழற்றச் சொன்னாள். கழற்றினான். அழகாக இருந்தான். நானே படித்துக் காட்டினேன். “நல்லா இருக்குது அம்மணி” என்றார் அப்பா. குரலில் பசி அப்படியே இருந்தது.

அந்த வாரம்தான் அக்கா மாடிக்குக் குடிவந்தாள். காங்கேயத்துப் பக்கத்துக்காரி. காந்திபுரத்தில் ஒரு வங்கியில் எழுத்தர் வேலை. என்னைவிட ஐந்தாறு வயது பெரியவள், கல்யாணம் ஆகவில்லை. பெட்டி படுக்கையோடு ஒரு தகரப் பெட்டி நிறையத் தாமிர முகமூடியும் வந்து இறங்கியது. அதைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துப்போய், என் கதையை அன்றைக்கே படிக்கக் கொடுத்தேன்.

மறுநாள் காலை, தலைக்குக் குளித்து முடித்து, ஈரத் துண்டோடு படியிறங்கி வந்தாள்.

“நல்லா எழுதறே கண்ணு. வேகமா இருக்குது. ஆனா அவரு அப்பிடிச் செய்யமாட்டாருங்க.”

“யாருங்க்கா?”

“முகமூடிதான். அவருக்கு நீச்சல் தெரியாதே. கெணத்து மர்மம் கதைல படிக்கட்டுலயே நின்னுட்டு கவுத்தைத்தானே போட்டாரு? ஒரு பொண்ணு சொன்னான்னு முகமூடியக் கழட்டறவருமில்லீங்க.”

“அதெல்லாம் பழைய கதைங்க்கா. இப்ப மாறியிருக்கலாமில்ல?”

“மாறலாம், ஆரு வேண்டாம்னா? மாறுனதுக்கு ஒரு காரணத்தக் கதைக்குள்ள நீ எனக்குக் காட்டோணும். உனக்கு வசதின்னு அவரு மாறமுடியுமாங்க?”

எனக்குக் காது மடல் சுட்டது. “அப்ப நீங்களே எழுதிப் பாருங்க்கா” என்று சொல்லிவிட்டேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அவள் எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் முன்னறையில் உட்கார்ந்து அப்பாவுக்குப் படித்தாள். அவள் கதையில் யாரும் குதிக்கவில்லை. தாமிர முகமூடி அணைக்கட்டின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிடுகிறான், அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேசவில்லை. கந்தகனால் மௌனத்தைத் தாங்க முடியாது. எந்த இதழிலும் அவன் தன் திட்டத்தைப் பீற்றிக்கொள்ளாமல் சுட்டதில்லை. பேசத் தொடங்குகிறான். யாரும் பாராட்டவில்லை என்பதால் இன்னும் பேசுகிறான். கேட்கிறவனுக்குக் கேட்க வேண்டுமே என்று தண்ணீர் இரைச்சலைத் தாண்டிக் கிட்டே கிட்டே வருகிறான். கை எட்டும் தூரம் வந்ததும் தாமிர முகமூடி துப்பாக்கியின் குழலைப் பிடித்து வளைத்துவிடுகிறான்.

அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். பார்வையில்லாத கண்கள் அகலமாகத் திறந்திருந்தன.

“அதே ஆளு!” என்று என் பக்கம் திரும்பித் தொடையில் தட்டினார். “அதே ஆளு கண்ணு! கந்தகனும் அவனேதான்! எங்கிருந்தம்மா புடிச்சே, அம்மணி?”

அம்மணி என்று அவர் அழைத்தது அவளை. எனக்கு அன்றைக்கு ‘கண்ணு’ மட்டும் மிஞ்சியது. சமையலறைக்குப் போய், தாகம் இல்லாமலே, ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தேன்.

அதற்குப் பிறகு சாயங்காலங்கள் மாறிப்போயின. வங்கியிலிருந்து வந்ததும் “ஏனுங்கய்யா, காப்பி ஆச்சுங்களா?” என்று படிக்கட்டிலிருந்தே குரல் கொடுப்பாள். அப்பாவின் முகம் சத்தம் வந்த பக்கம் திரும்பும். இரண்டு பேரும் உட்கார்ந்து சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுவது போல அந்த ஆளைப் பற்றிப் பேசுவார்கள். கந்தகன் வீட்டில் தாகமென்று போனால் தண்ணீர் வாங்கிக் குடிப்பானா? தன்னைப் போல இன்னொருவன் முகமூடி போட்டுக்கொண்டு நல்லது செய்தால் கோபம் வருமா?

“குடிப்பாருங்க. ஆனா நின்னுட்டே குடிப்பாரு.”

“அதேதான். உக்காரமாட்டான்.”

நானும் நடுவில் ஏதாவது சொல்வேன். இரண்டு பேரும் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள். பள்ளிக்கூடத்தில் ஆய்வாளர் பேசும்போது வாத்தியார்கள் கேட்டுக்கொள்வது மாதிரி.

அவளை எனக்குப் பிடிக்காமல் போனதற்கு நான் பல காரணங்கள் தேடி வைத்திருந்தேன். பாராட்டுவதில் கஞ்சத்தனம். பிடிவாதம். காப்பியில் ஆடை இருந்தால் முகம் சுளிப்பது. நேரில் இருக்கிற மனிதர்களையும் அவள் அந்தப் புத்தகம் மாதிரியே படிப்பாள் என்பது இன்னொன்று. காய்கறிக்காரம்மா எடையில் ஏமாற்றிவிட்டாள் என்று அம்மா கத்தியபோது, “அவங்க அப்பிடிச் செய்யமாட்டாங்க. கல்லு மாறியிருக்கும், பாருங்க” என்றாள். போய்ப் பார்த்தால் எடைக்கல் மாறித்தான் இருந்தது. அவள் சொன்னது சரியாகிற ஒவ்வொரு முறையும் எனக்கு எரிந்தது.

அவளைப் போலவே எழுதிப் பார்த்தேன். பழைய இதழ்களை எல்லாம் விரித்து வைத்துக்கொண்டு, அவன் எப்போது என்ன செய்தான் என்று பார்த்துப் பார்த்து எழுதினேன். தப்பே இல்லாத கதை. அப்பா கேட்டுக்கொண்டே தூங்கிப்போனார்.

அந்த வருடம் எனக்கு பி.எட். படிக்க இடம் கிடைத்தது. ஊரிலிருந்து பெரியப்பா வந்திருந்தார். திண்டுக்கல் பக்கம் ஒரு மாப்பிள்ளை பார்த்திருப்பதாகவும், வைகாசியில் கல்யாணம் என்றும் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். “படிப்பெல்லாம் எதுக்கு? உங்கப்பனே செரின்னுட்டான் சாமி” என்றார் என்னிடம். கண் தெரியாத மனிதர் என்னை அவசரமாகத் தள்ளிவிடப் பார்க்கிறார், மாடியில்தான் வேறு பிள்ளை கிடைத்துவிட்டதே என்று நினைத்தேன். அப்பாவிடம் பேச்சை நிறுத்தினேன். படித்துக் காட்டுவதையும் நிறுத்தினேன். தட்டை வைத்துவிட்டு வந்துவிடுவேன். அவர் “கண்ணு?” என்பார். பதில் சொல்லமாட்டேன்.

மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது அக்கா பிடித்துக்கொண்டாள்.

“ஏன் கண்ணு, ரெண்டு மூணு நாளா உன்ற சத்தமே கேக்குல?”

சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். அவள் தேற்றவில்லை. துணி காயப்போடும் கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“உங்கப்பா அப்பிடிச் சொல்லியிருக்கமாட்டாருங்க.”

“பெரியப்பா சொன்னாருங்க்கா. என்ற காதுல கேட்டேன்.”

“பெரியப்பா சொன்னதத்தான நீ கேட்டே? உங்கப்பா சொல்லி நீ கேட்டியா? காப்பிக்கு சக்கர போடலாமான்னே உன்னையக் கேக்கறவரு. இத மட்டும் கேக்காம சொல்லுவாரா? போயிக் கேளு போ.”

கீழே வந்து கேட்டேன். அப்பா திடுக்கிட்டுப் போனார்.

“நானா? உன்னையக் கேட்டுத்தான் எதுஞ் சொல்லுவேன்னு சொன்னேன். அண்ணன் பாதியக் கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டான். அதுக்கா நீ என்ற கூடப் பேசாம இருந்தே?” கை நீட்டி என் தலையைத் தேடினார். கிடைத்ததும் அப்படியே வைத்துக்கொண்டார். “நீ படி. ஒருத்தரும் உன்னையத் தடுக்கமாட்டாங்க.”

கல்யாணப் பேச்சு அதோடு நின்றது. பி.எட். சேர்ந்தேன். அவள் செய்தது பெரிய உதவிதான். ஆனால் அன்றைக்கு எனக்கு நன்றியைவிடப் பொறாமைதான் அதிகமாக வந்தது. பிறந்ததிலிருந்து அந்த மனிதரோடு இருக்கிறேன். நேற்று வந்தவள் துணிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தே கண்டுபிடித்ததை நான் எப்படித் தவறவிட்டேன்?

எப்போதும் சரியாகவே சொல்லிக்கொண்டிருந்தவள் ஒருமுறை தவறினாள். ஊரில் அவளுக்கு ஒரு தம்பி. தேங்காய் எண்ணெய் மில்லில் கணக்கு எழுதினான். அவள் சம்பளத்தில்தான் படித்தவன். அவனுக்குக் கல்யாணம் என்று வங்கிக்கு வந்த ஊர்க்காரர் ஒருவர் விசாரித்திருக்கிறார், “நீங்க கெளம்புலீங்களா?” என்று. மூத்தவள் கல்யாணமாகாமல் இருப்பதைப் பெண் வீட்டார் கேள்வி கேட்பார்கள் என்று, அவளுக்குச் சொல்லாமலே தேதி வைத்திருந்தார்கள்.

“தம்பி அப்பிடிச் செய்யமாட்டானுங்க. வந்து கூட்டிட்டுப் போவான்” என்று அம்மாவிடம் சொன்னாள். விடுப்பு எடுத்தாள். அரக்கு நிறத்தில் பட்டுப்புடவை எடுத்து இஸ்திரி போட்டு வைத்தாள். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் முழுக்க மாடி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். எந்த வண்டியும் எங்கள் தெருவில் நிற்கவில்லை.

உள்ளதைச் சொல்வதென்றால், மத்தியானம் வரைக்கும் எனக்கு உள்ளுக்குள் குதூகலமாக இருந்தது. நீயும் ஒரு ஆளைத் தப்பாகப் படித்திருக்கிறாய் பார் என்று. பிறகு சாப்பாடு கொடுக்க மேலே போனேன். மடித்து வைத்த புடவையைத் திருப்பித் திருப்பி மடித்துக்கொண்டிருந்தாள். என் குதூகலம் எங்கே போனதென்று தெரியவில்லை.

“அவன் மாறுல கண்ணு” என்றாள். “முன்னாலிருந்தே அப்பிடித்தான் இருந்திருக்கறான். நான்தான் அவனச் செரியாப் படிக்காம உட்டுட்டேன்.”

சாயங்காலம் அப்பா அவளைக் கீழே வரச் சொன்னார். வந்து உட்கார்ந்தாள். அப்பா என் பக்கம் திரும்பி, “கண்ணு, உன்ற கதை ஒண்ணு படி. அந்த அம்மணி கேக்கட்டும்” என்றார்.

என் கதையை! நான் தயங்கினேன். கையில் இருந்தது ஒரு கிறுக்குக் கதை. அவள்மேல் இருந்த கோபத்தில், வேண்டுமென்றே எல்லாவற்றையும் மீறி எழுதியது. தாமிர முகமூடி அழையாத கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் உட்காருகிறான். முகமூடியின் வாய்த் துளை சிறியது, லட்டு உள்ளே போகவில்லை. உதிர்த்து உதிர்த்துத் தின்கிறான். பாயசத்தைக் காகிதக் குழல் வைத்து உறிஞ்சுகிறான். பக்கத்து இலைக்காரரிடம் தன் சாகசங்களைப் பீற்றுகிறான். மண்டபத்துக்குள் கந்தகன் நுழைந்ததும் மேசைக்கு அடியில் ஒளிந்துகொண்டு, அங்கிருந்தும் ஓர் அப்பளம் கேட்கிறான்.

கல்யாணம் என்ற சொல் வந்த இடத்திலேயே நிறுத்தப் பார்த்தேன். “ம், படி” என்றாள். படித்தேன். பாயசம் வந்த இடத்தில் அவள் தோள் குலுங்கியது. அப்பளம் வந்தபோது வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாதபடி இரண்டும் கலந்துபோயின. அம்மா வந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அன்றைக்கு அவள் என் கதையில் ஒரு தப்பும் சொல்லவில்லை.

சில மாதங்களில் அவளுக்குத் தருமபுரிக்கு மாற்றல் வந்தது. கிளம்பும் நாளன்று அப்பா சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

“நானும் பஸ் ஸ்டாண்டுக்கு வாரேன்.”

என் பட்டமளிப்புக்கு வராதவர். என் தோளைப் பிடித்துக்கொண்டு, டவுன் பஸ்ஸில் ஏறி, காந்திபுரத்துக் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு வந்தார். அவர் கை அழுந்திய இடத்தில் எனக்கு வலித்தது. அவருடைய தடுமாற்றத்தை ஊரே பார்த்தது, அவருக்கு அது தெரிந்தே இருந்தது. அவளுக்காக அதையும் பொறுத்துக்கொண்டார்.

சேலம் வழியாகத் தருமபுரி போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்துவிட்டு இறங்கி வந்தாள். அப்பாவின் கையைப் பிடித்து விடைபெற்றாள். பிறகு என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனாள்.

“உன்ற மேல எனக்கு ரொம்ப நாளாப் பொறாமை கண்ணு.”

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். முகத்தில் விளையாட்டு இல்லை.

“எனக்கு இருக்கற ஆளுகள வெச்சுத்தான் எழுத வரும். ஆரோ பண்ணி வெச்சவங்க. அவங்க என்ன செய்வாங்கன்னு பாத்துப் பாத்து எழுதறேன். புதுசா ஒருத்தர் கூட எனக்கு வரமாட்டேங்கறாரு. எத்தனையோ தடவ உக்காந்து பாத்துட்டேன். உனக்கு வர்றதெல்லாம் புது ஆளு. அந்த லட்டுத் திங்கறவரு இருக்கறாருல்ல, அவரு முகமூடியே இல்லீங்க. அவருக்குப் போயி அந்தப் பேர வெச்சதுதான் நீ செஞ்ச ஒரே தப்பு.”

நடத்துனர் விசில் ஊதினார். அவள் ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். அப்பா பஸ் சத்தம் போன திசையில் வெகுநேரம் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பி வருகையில் எனக்கு ஆத்திரமாக வந்தது. போகிற போக்கிலும் என் கதையைத் தாமிர முகமூடி கதையே இல்லை என்று சொல்லிவிட்டாளே என்றுதான் தோன்றியது. பல நாள் அப்படித்தான் தோன்றியது. அந்தத் தாளை எடுத்து மறுபடி படித்துப் பார்த்தபோதுதான் அவள் சொன்னது புரிந்தது. அதில் செம்பும் இல்லை, மௌனமும் இல்லை. பயந்தவன், தின்னிப்பண்டாரம், வாயாடி. ஆனால் பந்தியில் எல்லோரும் எழுந்து அடுத்த பந்திக்குக் கூட்டம் முண்டியடித்தபோதும், இலை கிடைக்காத ஒரு கிழவிக்காகத் தன் இடத்தைக் காலி செய்யாமல் பிடித்து வைத்திருந்தான். அந்த வரியை எழுதியபோது நான் யோசிக்கக்கூட இல்லை, தானாக வந்திருந்தது.

முகமூடியைக் கழற்றி எடுத்தேன். தோட்டத்து வேலியில் தத்தித் தத்தித் திரியும் பறவையின் பேரை வைத்தேன். செம்போத்து. அவனால் பனைமர உயரத்துக்கு மேல் பறக்க முடியாது, தலை சுற்றும். ஒரு வாரம் கல்லூரி விட்டு வந்து வந்து எழுதினேன்.

அப்பாவுக்குப் படித்தேன். முடிந்ததும் முகத்தை என் பக்கம் திருப்பினார்.

“யாரு கண்ணு இவன்? நம்ம ஆளு இல்லையே.”

“இல்லீங்கப்பா. புதுசு. நான் பண்ணுன ஆளு.”

“பனைமரத்துக்கு மேல போனா மயக்கம் வருமா அவனுக்கு?” தனக்குள் சிரித்தார். “பாவம். நல்லவன். இன்னொருக்கா படி.”

இரண்டாவது முறை படித்தேன். அந்தக் கிழவி வந்த இடத்தில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். தொடையில் தட்டுவாரோ என்று காத்திருந்தேன். தட்டவில்லை. “இதத் தருமபுரிக்கு அனுப்பி வை சாமி. அந்த அம்மணி என்ன சொல்லுதுன்னு பாக்கலாம்” என்றார்.

அப்போதும் அவள்தான்.

தாளை மடித்து உறையில் போட்டு ஒட்டினேன். அவள் என்ன சொல்வாள் என்று அப்பாவைவிட எனக்குத்தான் அவசரமாகத் தெரியவேண்டியிருந்தது.